எஞ்சினை இறக்குவதற்கு முன்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே வண்டிக் குடும்பத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் சுபாருவின் டர்போ எஞ்சினை வீட்டில் மாற்றுவது பற்றியே எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் 2006ஆம் ஆண்டுச் சுபாரு இம்ப்ரெஸா எஸ்.டி.ஐ. இருக்கிறது. இரண்டரை லிட்டர் டர்போ எஞ்சின், 94,000 மைல் ஓடியது. நான்கு மாதங்களாக ஆயில் குறைந்துகொண்டே வந்தது. இப்போது ஐடிலில் வண்டி குலுங்குகிறது, நீலப் புகையும் வருகிறது. நான்காவது சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்கும் தொகைக்கு வேறொரு வண்டியே வாங்கிவிடலாம். விபத்தில் சிக்கிய அதே மாடல் காரிலிருந்து கழற்றிய எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. நானும் என் மைத்துனரும் வீட்டுக் கேரேஜில் இரண்டு வார இறுதிகளில் மாற்றிவிடலாம் என்று எண்ணுகிறோம். எங்களால் முடியுமா? எந்த இடத்தில் தவறு நேரக்கூடும்?
(ஹாரோ, லண்டன்)

பதில்: முடியும். வேகக் கார்களில் வீட்டில் வைத்து எஞ்சின் மாற்றுவதற்கு இம்ப்ரெஸாவைப் போல ஒத்துழைக்கும் வண்டிகள் சிலவே. நான்கு சிலிண்டர்களும் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் பாக்ஸர் அமைப்பு என்பதால் எஞ்சின் நீளம் குறைவாகவும் தாழ்வாகவும் இருக்கிறது. கியர் பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் முன்பக்கமாக நகர்த்தி மேலே தூக்கிவிடலாம். நீங்கள் பிரிட்டனில் இருப்பதும் நல்லதாயிற்று. காலின் மெக்ரே 1995இலும் ரிச்சர்ட் பர்ன்ஸ் 2001இலும் இம்ப்ரெஸாவில் உலக ராலிப் பட்டம் வென்றார்கள், அந்தப் பந்தய வண்டிகள் உருவானதும் உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத பான்பரியில்தான். அதனால் இந்த எஞ்சினைக் கையால் தொட்டு அறிந்தவர்களும், அதற்கான உதிரிபாகங்களும் அங்கே தாராளமாகக் கிடைக்கின்றன.

ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் வைக்க வேண்டும். உங்கள் பழைய எஞ்சின் எதனால் போனது? எஞ்சின் மாற்றத் துணிபவர்களில் பெரும்பாலானவர்கள் கிரேனை எங்கே வாடகைக்கு எடுப்பது, எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது என்றுதான் யோசிக்கிறார்கள். பழைய எஞ்சினைக் கொன்ற காரணம் எஞ்சினுக்குள் மட்டும் இருக்கவில்லை என்றால், அது வண்டியிலேயே தங்கி, புதிதாக வரும் எஞ்சினுக்காகக் காத்திருக்கும்.

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் சொந்தமாக வைத்திருந்த இம்ப்ரெஸாவில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங் போய், எஞ்சின் தட்டத் தொடங்கியது. நல்ல நிலையில் இருந்த பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி, இரவு பகலாக வேலை செய்து ஏற்றினேன். ஆயில் கூலரைப் பெட்ரோலில் மூன்று முறை கழுவி, காற்றழுத்தம் கொடுத்து ஊதி, சுத்தமாகிவிட்டது என்று நம்பி மீண்டும் பொருத்தினேன். சுமார் 600 மைல் கழித்து அதே ஓசை. ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளே இருந்த காகித மடிப்புகளை விரித்தபோது, ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் பட்டுப் புடவையின் ஜரிகைத் தூள் போல மினுமினுப்பு. பிறகு அந்த ஆயில் கூலரை ரம்பத்தால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே, நகக்கண் நுழையாத இடுக்குகளில், வெள்ளி நிறச் சேறு அப்பிக் கிடந்தது. கழுவிய பெட்ரோல் அதை அசைக்கக்கூட இல்லை. ஓடும் எஞ்சினின் சூடான ஆயில்தான் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் புது பேரிங்குகளுக்குக் கொண்டு சேர்த்திருக்கிறது. அன்றிலிருந்து, பேரிங் போன வண்டியின் ஆயில் கூலரை நான் கழுவுவதில்லை, மாற்றிவிடுகிறேன்.

உங்கள் வண்டிக்கு வருவோம். ஆயில் குறைவது, நீலப் புகை, நான்காவது சிலிண்டரில் அழுத்தமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால், இந்த இரண்டரை லிட்டர் எஞ்சினில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிஸ்டனையே. பிஸ்டனில் ரிங்குகள் உட்காரும் பள்ளங்களுக்கு இடையே உள்ள மெல்லிய சுவர் உடைந்துவிடும். இந்த எஞ்சினில் நன்கு அறியப்பட்ட பலவீனம் இது, நான்காவது சிலிண்டரில்தான் அடிக்கடி நேர்கிறது. ஆனால் சந்தேகத்தின் பேரில் பணத்தைச் செலவழிக்கக் கூடாது. எஞ்சினை இறக்குவதற்கு முன்பே லீக் டவுன் சோதனை செய்யுங்கள். அந்த சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் ஸ்பார்க் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, காற்று எந்த வழியாகத் தப்புகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங் அல்லது பிஸ்டன். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். புகைபோக்கிக் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. பட்டறைக்காரர்கள் செய்திருக்கும் கம்ப்ரஷன் சோதனை நோய் இருப்பதைச் சொல்லும், இது நோயின் இடத்தைச் சொல்லும்.

பிஸ்டன்தான் என்று உறுதியானால், அதை உடைத்தது எது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் அது நாக்கிங். எரிபொருள் ஒழுங்காக எரிந்து பரவாமல் ஆங்காங்கே வெடிக்கும்போது, வார்ப்பில் செய்த இந்த பிஸ்டனின் மெல்லிய சுவர் சுத்தியலடி பட்டது போல விரிசல் விடுகிறது. வண்டியை உங்களுக்கு முன் வைத்திருந்தவர் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வின் மென்பொருளை மாற்றி, டர்போ கொடுக்கும் காற்றழுத்தமான பூஸ்ட்டை ஏற்றியிருக்கிறாரா, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாய்களில் கசிவு இருக்கிறதா, ஓர் இன்ஜெக்டர் மட்டும் குறைவாகப் பெட்ரோல் தெளிக்கிறதா, காற்றை அளக்கும் சென்சார் தவறாகக் கணக்கிடுகிறதா, சிக்கனம் கருதிச் சாதாரண பெட்ரோல் ஊற்றப்பட்டதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரிட்டனில் 97 முதல் 99 ஆக்டேன் வரையிலான சூப்பர் அன்லெடட் கிடைக்கிறது. இந்த வண்டிக்கு அதைத்தான் ஊற்ற வேண்டும். நான் சொன்ன உறுப்புகளில் பெரும்பாலானவை பழைய எஞ்சினோடு போகப்போவதில்லை. இ.சி.யு., இன்டர்கூலர், காற்று சென்சார், பெட்ரோல் பம்ப் எல்லாம் வண்டியிலேயே இருந்து, அதே கட்டளையைப் புது எஞ்சினுக்கும் கொடுக்கும். இன்ஜெக்டர்களை எடுத்துச் சோதித்துச் சுத்தம் செய்து தரும் கடைகள் உண்டு. அந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம்.

வாங்கப்போகும் எஞ்சினையும் அதே கண்ணால் பாருங்கள். விபத்தில் சிக்கிய கார் என்பது ஒரு வகையில் நல்ல செய்தி, ஏனெனில் மோதும் நொடிவரை அது ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். ஆனால் முன்பக்கம் மோதியிருந்தால் கிராங்க் புல்லி, டைமிங் கவர், எஞ்சின் மவுண்ட் பொருந்தும் இடங்கள் ஆகியவற்றில் அடி பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுக்கும் முன் நான்கு சிலிண்டர்களிலும் லீக் டவுன் சோதனை செய்ய அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். எஞ்சின் எண்ணை எழுதிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள்; அது எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த எஞ்சின் ஸ்டாண்டில் நிற்கும் நாட்கள் மிக மதிப்புள்ளவை. வண்டிக்குள் இருக்கும்போது ஸ்பார்க் பிளக் மாற்றக்கூட கை நுழையாத எஞ்சின் இது. வெளியே இருக்கும்போது எல்லாம் கண்முன் நிற்கும். டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், உருளைகள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிராங்கின் பின்பக்க சீல், கேம் சீல்கள் ஆகிய அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துபோகும் வகை எஞ்சின் இது என்பதால், பழைய பெல்ட்டை நம்பி ஏற்றுவது பெரிய ஆபத்து. பிறகு எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சும் குழாயைப் பாருங்கள். அதன் பற்றவைத்த இணைப்பில் மயிரிழை விரிசல் விழுவதுண்டு. விரிசல் வழியே காற்றை உறிஞ்சினால் ஆயில் அழுத்தம் விழுந்து பேரிங் போய்விடும். வலுவூட்டிய குழாய்கள் தனியாகக் கிடைக்கின்றன. டர்போவுக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் நேரத்தை மாற்றும் அமைப்புக்கும் ஆயில் கொண்டு செல்லும், நடுவே துளையிட்ட பான்ஜோ போல்ட்டுகளுக்குள் மிக நுண்ணிய வலைச் சல்லடைகள் இருக்கின்றன. அவற்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் டர்போவுக்கு ஆயில் போகாது. உங்கள் பழைய எஞ்சினின் ஃபில்டரையும் அறுத்துப் பார்த்துவிடுங்கள். அதில் உலோகத் தூள் இருந்து, காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் அது பேரிங்கிலிருந்தோ பிஸ்டனிலிருந்தோ வந்தது. அந்நிலையில் ஆயில் கூலரைப் பற்றி மேலே சொன்னதை மறக்க வேண்டாம், டர்போவையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இனி இறக்கும் வேலை. லண்டன் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு, எக்ஸாஸ்ட் நட்டுகளைத் துருவால் பூட்டிவைத்திருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவாருங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட் தொகுதியையும் தனித்தனிப் பையில் போட்டு, அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். ஒவ்வொரு வயர் இணைப்பையும் பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள். ஏ.சி. கம்ப்ரஸரின் குழாய்களைப் பிரிக்கவே வேண்டாம். கம்ப்ரஸரை மட்டும் எஞ்சினிலிருந்து அவிழ்த்து, குழாயோடு பக்கத்தில் கட்டிவைத்தால் போதும். அந்த வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது பிரிட்டனில் சட்டவிரோதம். பவர் ஸ்டியரிங் பம்ப்பையும் அப்படியே ஓரமாக வைத்துவிடலாம். பெட்ரோல் குழாய்களைத் தொடும் முன் பம்ப்பின் இணைப்பைத் துண்டித்து எஞ்சினைச் சுழலவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள், பிறகு பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள்.

எல்லா போல்ட்டும் கழன்ற பிறகும் எஞ்சின் கியர் பாக்ஸை விட்டு வர மறுக்கும் கட்டம் ஒன்று வரும், பலர் தவறு செய்வது இங்கேதான். உங்கள் ஆறு கியர் எஸ்.டி.ஐ.யில் இருப்பது இழுப்பு வகைக் கிளட்ச். அதன் ரிலீஸ் பேரிங், கிளட்ச் தட்டோடு கொக்கி போல மாட்டிக்கொண்டு, கியர் பாக்ஸில் இருக்கும் ஃபோர்க்கால் பிடிக்கப்பட்டிருக்கும். கிளட்சை மூடியிருக்கும் கியர் பாக்ஸின் மணி வடிவ முன்பகுதியான பெல் ஹவுசிங்கின் பக்கத்தில் 10 மி.மீ. அலன் சாவி நுழையும் மூடித் திருகு ஒன்று உண்டு. அதை அவிழ்த்தால் உள்ளே ஃபோர்க்கைத் தாங்கும் தண்டின் முனை தெரியும். அதன் நடுத் துளையில் 6 மி.மீ. போல்ட் ஒன்றைத் திருகி, அதைக் கைப்பிடியாகக் கொண்டு தண்டை வெளியே இழுங்கள். பிறகு ஃபோர்க்கைச் சற்றே உயர்த்தினால் பேரிங்கின் பிடி விடுபடும். இதைச் செய்யாமல் கிரேனால் இழுத்தால் எஞ்சின் இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றுவிடும், மேலும் இழுத்தால் ஃபோர்க் உடையும். அந்த மூடித் திருகு ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமல் இறுகியிருக்கும், அதன் அலன் துளை மழுங்கிவிட்டால் பெருந்தொல்லை. துளையை நன்றாகச் சுத்தம் செய்து, சாவியை முழுவதும் உள்ளே தட்டிய பிறகே பலம் கொடுங்கள்.

ஏற்றும்போது ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் முகமும் பெல் ஹவுசிங்கின் முகமும் கையால் அசைத்தே ஒன்றோடொன்று சேர வேண்டும். கால் அங்குல இடைவெளி இருக்கும்போது, போல்ட்டை இறுக்கினால் தானாக இழுத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். கிளட்ச் தட்டு மையத்தில் இல்லை, அல்லது கியர் பாக்ஸும் எஞ்சினும் ஒரே சாய்வில் இல்லை என்பதே அந்த இடைவெளிக்குப் பொருள். கியர் பாக்ஸுக்கு அடியில் ஒரு ஜாக் வைத்துச் சாய்வைச் சரிசெய்து, ஒருவர் கிராங்கை மெல்லத் திருப்ப மற்றவர் எஞ்சினைத் தள்ளினால், தண்டின் பல்வரிகளான ஸ்ப்லைன்கள் பொருந்திய நொடியில் அது சட்டென்று உள்ளே சரியும். மைத்துனர் கட்டாயம் தேவைப்படும் நேரம் அதுதான். ஃபிளைவீல் போல்ட்டுகளுக்கு 72, கிளட்ச் கவருக்கு 15.7, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைப்பவற்றுக்கு 50 நியூட்டன் மீட்டர் என்பவை இந்த எஞ்சின் குடும்பத்தின் கையேட்டு அளவுகள். உங்கள் ஆண்டுக் கையேட்டோடு ஒப்பிட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், கைக்கணக்கில் விடாதீர்கள்.

எல்லாம் கூடிய பிறகு சாவியைத் திருப்பும் ஆவலை அடக்க வேண்டும். இக்னிஷன் காயில்களையும் இன்ஜெக்டர்களையும் துண்டித்துவிட்டு, பத்துப் பத்து நொடிகளாக ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே அவற்றை மீண்டும் இணையுங்கள். காய்ந்த பேரிங்கில் முதல் சில நொடிகள் ஓடுவது ஆயிரக்கணக்கான மைல்களின் தேய்மானத்துக்குச் சமம் என்றே நான் கருதுகிறேன். கூலண்ட் ஊற்றும்போது வண்டியின் முன்பக்கத்தை உயர்த்திவைத்து, ரேடியேட்டரில் உள்ள காற்றுத் திருகைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று அடைபட்டிருக்கிறது. முதல் 20 மைலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். பூஸ்ட் ஏறும்படி ஓட்டுவதற்கு முன் இ.சி.யு.வின் நாக்கிங் பதிவுகளை ஒருவர் படித்துச் சொல்லட்டும்.

நீங்கள் ஓட்டப்போகும் வண்டியின் ஆவணத்தில் பழைய எஞ்சின் எண்தான் இருக்கும். வி5சி பதிவுப் புத்தகத்தில் திருத்தி, எஞ்சின் எண் எழுதிய ரசீதோடு பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். இரண்டு வார இறுதிகள் போதாது. மூன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள், முதலாவதை முழுவதும் சோதனைக்கும் இறக்குவதற்கும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, 2004ஆம் ஆண்டு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். வைத்திருக்கிறேன். ஜப்பானிலிருந்து வரும் குறைந்த ஓட்டமுள்ள எஞ்சின்கள் இங்கே விற்பனைக்கு உள்ளன. என் வண்டியில் இருக்கும் அதே ஈ.ஜே.205 வகை எஞ்சின்தான் என்கிறார்கள். அப்படியே மாட்டிவிடலாமா?
(ஸ்காபரோ, கனடா)

பதில்: பெயர் ஒன்றே தவிர பொருள் ஒன்றல்ல. வட அமெரிக்காவில் விற்ற அந்த ஆண்டுகளின் ஈ.ஜே.205இல், இன்டேக் கேமின் நேரத்தை மாற்றும் அமைப்பு கிடையாது. ஜப்பானிய எஞ்சினில் உண்டு. உங்கள் எஞ்சினின் இன்டேக் பாதையில் மாசுக் கட்டுப்பாட்டுக்காக வைத்த டம்பிள் வால்வுகள் இருக்கின்றன, ஜப்பானியதில் இல்லை. ஆகவே உங்கள் பழைய எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டு, டம்பிள் வால்வுகள், வயரிங் எல்லாவற்றையும் அப்படியே புது எஞ்சினுக்கு மாற்றி, உங்கள் இ.சி.யு.வோடு ஓடவைப்பதே நேரான வழி. உங்கள் இ.சி.யு. எதிர்பார்க்கும் பற்களின் அமைப்பே கேம், கிராங்க் சென்சார்கள் படிக்கும் சக்கரங்களிலும் இருக்க வேண்டும். பழையவற்றையும் புதியவற்றையும் மேசையில் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்து உறுதி செய்யுங்கள். முடிந்தபின், நாக்கிங் பதிவையும் காற்று எரிபொருள் விகிதத்தையும் அளந்து பார்க்காமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டாம்.

குறைந்த ஓட்டம் என்ற சொல்லை நான் ஒருபோதும் நம்பிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. ஜப்பானில் ஷாகென் என்ற கட்டாயச் சோதனையின் செலவு காரணமாகக் கார்களைச் சீக்கிரம் கழித்துவிடுவது உண்மைதான். புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கொரு முறையும் அது வருகிறது. ஆனால் ஓட்டத்தைக் காட்டும் மீட்டர் எஞ்சினோடு கப்பலேறி வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த எஞ்சினின் சீல்கள் இறுகிப்போயிருக்கும், சிலிண்டர் சுவரில் துரு படிந்திருக்கும். பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுச் சுவரைப் பாருங்கள், லீக் டவுன் சோதனை கேளுங்கள். ஹாரோ வாசகருக்குச் சொன்ன ஆயில் கூலர், உறிஞ்சு குழாய் எல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

ஒன்டாரியோவில் தனியார் கார்களுக்கான டிரைவ் கிளீன் என்ற புகைச் சோதனை 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதற்காக மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றி எறியலாம் என்று சிலர் சொல்வார்கள். அது இன்னும் குற்றம்தான்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. நண்பனோடு சேர்ந்து எங்கள் வீட்டுக் கேரேஜில் தன் இம்ப்ரெஸாவின் எஞ்சினை மாற்றப்போகிறேன் என்கிறான். தடுத்தால் வருத்தப்படுகிறான், விட்டால் எனக்குத் தூக்கம் வரவில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.
(மெல்பர்ன்)

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. தடுக்க வேண்டாம், ஆனால் வேலை தொடங்கும் முன் கேரேஜுக்குள் ஒருமுறை சென்று நான் சொல்வனவற்றை நீங்களே கண்ணால் பாருங்கள்.

வண்டி ஜாக்கில் நிற்கக் கூடாது. ஜாக் தூக்குவதற்கு மட்டுமே; தூக்கிய பின் நான்கு கால் கொண்ட இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டி உட்கார்ந்திருக்க வேண்டும், அவை சமமான கான்கிரீட் தரையில் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் இருக்கும் வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்து, அசையாவிட்டால் மட்டுமே அவன் அடியில் போகலாம். எஞ்சின் கிரேனின் கையைப் பாருங்கள், அதில் துளைகளோடு எண்கள் இருக்கும். இரண்டு டன் என்று பெயிண்ட்டில் எழுதியிருந்தாலும், கையை முழுவதும் நீட்டினால் பொதுவாக அது அரை டன்தான் தாங்கும். இந்த எஞ்சினுக்கு அரை டன் தாராளம். ஆனால் கை நீண்டு, எடை முன்னே தள்ளும்போது கிரேன் குப்புறச் சாய முடியும். ஆகையால் எஞ்சினைத் தூக்கியவுடன் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுத்தான் கிரேனை உருட்ட வேண்டும். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் ஒரு விரலும் போகக் கூடாது, விழுந்த நட்டை எடுப்பதற்காகக்கூட.

பெட்ரோல் குழாய்களைப் பிரிக்கும் நாளில் கேரேஜ் கதவு முழுவதும் திறந்திருக்கட்டும். உள்ளே தண்ணீர்ச் சூடேற்றியோ உலர்த்தும் இயந்திரமோ இருந்தால் அணைத்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து அங்கே போய்ச் சேரும். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கூலண்ட்டை வடித்த தட்டை உடனே மூடிவையுங்கள், ஏனெனில் அதன் இனிப்புச் சுவைக்கு நாய் நாக்கை நீட்டும், பூனையும் நக்கிவிடக்கூடும், அது நஞ்சு. இரவு பத்து மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற ஒரு நிபந்தனையை மட்டும் நீங்கள் விதியுங்கள். களைப்பில்தான் ஸ்டாண்டை மறக்கிறார்கள்.

அவன் ஏற்றுவது அதே வகை எஞ்சின் என்றால் பதிவில் எஞ்சின் எண்ணை மட்டும் திருத்த வேண்டியிருக்கும். வேறு வகை எஞ்சின் என்றால் விக்டோரியாவில் வண்டி மாற்றங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் வி.ஏ.எஸ்.எஸ். திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்றிதழ் தேவை. அந்தப் பொறியாளரை எஞ்சின் வாங்குவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: செவ்ரோலே ஃபாரஸ்டர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். உள்ளே சுபாரு எஞ்சின்தான் என்று அறிந்து மகிழ்ந்தேன். வெளிநாட்டிலிருந்து டர்போ எஞ்சின் வரவழைத்து மாட்டலாமா?
(கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கையில் இருப்பது இந்தியச் சாலைகளில் அபூர்வமான வண்டி. சுபாருவின் ஃபாரஸ்டரையே ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெயரில் இங்கே விற்றது. இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ இல்லாதது, நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. டர்போ எஞ்சின் பொருந்துமா என்றால், இரும்பு அளவில் பொருத்திவிடலாம். ஆனால் எஞ்சினோடு இ.சி.யு., வயரிங், இன்டர்கூலர், பெட்ரோல் பம்ப், எக்ஸாஸ்ட் எல்லாம் வர வேண்டும். அதன் முறுக்கு விசையை உங்கள் கியர் பாக்ஸ் தாங்குமா என்பது தனிக் கேள்வி. பிரேக்கையும் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

சட்டம் இதைவிடக் கடினமாக நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து சென்ற வழக்கில் இதை உறுதியாகவே சொல்லிவிட்டது. ஆகவே சாலையில் ஓட்டும் வண்டிக்கு டர்போ எஞ்சினை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே வகை டர்போ இல்லாத எஞ்சினைத் தேடி வாங்கி மாற்றுவதற்கு அந்தத் தடை இல்லை. முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி பெறுவது நல்லது. அனுமதியின்றி மாற்ற நேர்ந்தால், மாற்றிய 14 நாட்களுக்குள் பதிவுச் சான்றிதழோடு அங்கே தெரிவித்து, புது எஞ்சின் எண்ணைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீதில் அந்த எண் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன்பே, பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.